மேல்குரலுக்கு ஆள் தேவையில்லை

“அவன் நின்ன இடத்துல இன்னொருத்தன் நின்னு பாடினா, அதைக் கேக்குற காது எனக்குக் கிடையாது. அறுத்து இதே தட்டுல வச்சிடுவேன்!” என்று பல்செட்காரர் முழங்கியபோது, அந்தத் தட்டில் ஏற்கெனவே ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருடைய கீழ்வரிசைப் பற்கள் இருந்தன. சபதத்துக்கு அவையே சாட்சி. போதாக்குறைக்கு பல்செட்காரருடைய மனைவியும் சாட்சி. பற்கள் மறுநாளே நீதிபதியின் வாய்க்குள் போய் அடங்கிவிட்டன. மனைவியின் விஷயம் அப்படியல்ல.

சபதத்துக்குக் காரணம், கடல் தாண்டிய ஒரு பாட்டுக்குழு. தொண்ணூறுகளில் தலைமுடியையும் துக்கத்தையும் ஒரே அளவுக்கு வளர்த்துக்கொண்ட நான்கு பேர். வெளிச்சம் என்று ஒன்று இருப்பதாகவே அவர்கள் ஒப்புக்கொண்டதில்லை. அவர்கள் பாட்டு, இரண்டு பேர் கிணற்றின் அடியில் உட்கார்ந்து, மேலே ஏற விருப்பமில்லாமல் சேர்ந்து பாடுவதுபோல இருக்கும். ரசிகர்கள் செல்லமாக ‘இருட்டுக்கூட்டம்’ என்றார்கள். பாடகன் சின்ன வயதிலேயே போதையில் கரைந்து போய்ச் சேர்ந்தான். வெகுகாலம் கழித்து, மிச்சமிருந்தவர்கள் புதிதாக ஒருவனைச் சேர்த்துக்கொண்டு மறுபடி கிளம்பினார்கள். அன்று எழுந்ததுதான் மேற்படி முழக்கம்.

பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்ப, வீட்டின் பின்னறையில் செயற்கைப் பல்வரிசை செய்து கொடுப்பது அவர் தொழில். புருவத்தில் சுண்ணாம்புத் தூளும் நகக்கண்ணில் ரோஸ் நிறப் பொய் ஈறும் ஒட்டியிருக்கும் இந்தச் சாது மனிதர், சாவைப் பற்றியே பாடும் கூட்டத்தின் தீவிர பக்தர் என்று சொன்னால் நீதிபதியே நம்பியிருக்க மாட்டார்.

பக்தியில் அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு. ஏ.சி. மெக்கானிக்காக இருந்த நண்பன். “நான் மேல, நீ கீழ” என்று குரலைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். சொத்துப் பிரிப்பில்கூட இவ்வளவு சுமுகம் கிடையாது. நண்பனை மச்சானாக்கிக்கொண்டால் பாடுவதற்கு இடம் தேடி அலைய வேண்டாம் என்றுதான் அவனுடைய தங்கையைக் கட்டினார் என்று சொந்தக்காரர்கள் மத்தியில் ஒரு பேச்சு. அவர் மறுத்ததில்லை. மறுக்க நேரமும் இருந்ததில்லை. ஞாயிறு பூராவும் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் கிணற்றுக்குள் இறங்கிவிடுவார்கள்.

அவர்கள் பாடம் செய்தது மச்சானின் கிழட்டு டேப்பில் ஓடவிட்ட ஒரு கேசட்டிலிருந்து. பிற்பாடு கடையில் அசல் சி.டி. வாங்கிப் போட்டுப் பார்த்தால் பாட்டு ஓட்டமும் நடையுமாகப் போகிறது. கொதித்துப்போய்த் திருப்பிக் கொடுக்கச் சென்றார்கள்.

“டூப்ளிகேட்டை வித்து ஏமாத்துறீங்களா? சாவு வீட்டுப் பாட்டு மாதிரி இருக்கணும், கல்யாண வீட்டுப் பாட்டு மாதிரி ஓடுது!”

கடைக்காரர் நிதானமாகக் கேட்டார். “அண்ணே, உங்க டேப்புல மோட்டார் வீக்கா?”

உண்மை அதுதான். இருட்டுக்கூட்டம்கூடப் பாடாத அளவு மெதுவாக, அவர்களைவிடச் சோகமாக, இந்த இருவரும் பாடம் செய்துவிட்டிருந்தார்கள். திரும்பி வரும் வழியில் மச்சான் தீர்ப்புச் சொன்னான்: “விடு மாப்ள. அவனுங்க அவசரப்பட்டுட்டானுங்க.”

அந்த மச்சான் ஒரு நாள் மத்தியானம், யாரோ ஒருவருடைய மொட்டை மாடியில், கழற்றிய ஏ.சி. பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான். எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு பல்செட்காரர் பாட்டே போடுவதில்லை. பல்லைத் தேய்த்து மெருகு போடும்போது தன் பங்குக் கீழ்க்குரலை மட்டும் முனகுவார். மச்சான் தனியாகப் பாட வேண்டிய வரிகள் வந்தால் நிறுத்திவிடுவார். அந்த வரிகளுக்கான நேரம் முழுவதும் யாரோ ஒருவருடைய பல்லைக் கையில் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி காத்திருப்பார். நேரம் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து முனகுவார். பின்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரே சுவர். அந்த இடைவெளி மனைவிக்கும் கேட்கும். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் இருட்டுக்கூட்டம் இந்த ஊருக்கே வருவதாகச் சுவரெங்கும் போஸ்டர் ஒட்டினார்கள். புதிய பாடகனோடுதான். மனைவி இரண்டு டிக்கெட்டை மேசையில், மெழுகுக்கட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“போயிட்டு வரலாங்க.”

“நான் சொன்னது ஞாபகம் இருக்கா?”

“காதை அறுக்கறதா? இருக்கு. கத்திய வேணா வீட்லயே வச்சிட்டுப் போவோம்.”

“விளையாடாத. உங்கண்ணன் இருந்திருந்தா வாசப்படி தாண்டியிருக்க மாட்டான். அவன் என் கட்சி.”

அவள் டிக்கெட்டுகளை அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு சொன்னாள்: “அவன் அந்தப் புது ஆளு பாடின சி.டி.யையும் வாங்கினான். அரிசி டப்பாவுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்தான். நீங்க பல்லைக் குடுக்க வெளிய போறப்பல்லாம் வந்து, சமையக்கட்டுல நின்னு கேட்டுட்டுப் போவான். ‘நல்லாத்தான் பாடுறான், மாப்ளைகிட்ட சொல்லிடாத, உசிரை விட்டுடுவான்’னு சொல்லுவான். கடைசில உசிரை விட்டது அவன்.”

செத்தவன்மேல் கோபப்படுவது எவ்வளவு கஷ்டமான வேலை என்பது பல்செட்காரருக்கு அந்த வாரம்தான் தெரிந்தது. சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்கலாமென்றால் ஆள் இல்லை. துரோகி என்று திட்டினால் கேட்டுச் சிரிப்பதற்கும் ஆள் இல்லை. டிக்கெட்டை அவர் தொடவுமில்லை, தூக்கிப் போடவுமில்லை. அவற்றின்மேல் சுண்ணாம்புத் தூள் படிந்தது.

அவருக்கு ஒரு பயம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மேடையில் இன்னொருவன் நிற்பதைப் பார்த்துப் பழகிவிட்டால், மச்சானுக்காக இத்தனை நாள் காலியாக வைத்திருந்த வரிகளும் ஒரு நாள் நிரம்பிவிடும். அவை காலியாக இருக்கும்வரைதான், அவன் கொஞ்சம் தாமதமாக வருகிறான் என்று நினைத்துக்கொள்ள முடியும்.

சனிக்கிழமை மாலை. ஒரு பள்ளிக்கூட டீச்சருடைய மேல்வரிசையை மெருகு போட்டபடி முனகிக்கொண்டிருந்தார். மச்சானின் வரிகள் வந்தன. நிறுத்தினார்.

சுவருக்கு அந்தப் பக்கம், வெங்காயம் நறுக்கும் சத்தமும் நின்றது. பிறகு அந்த வரிகள் வந்தன. மேல்குரலில், மெதுவாக, அந்தக் கிழட்டு டேப்பின் வேகத்திலேயே. தொண்டையில் கரகரப்பு. சுருதி அங்கங்கே வழுக்குகிறது. சாத்திய கதவுக்கு வெளியே நின்று கேட்டே கற்றுக்கொண்டவள். மூன்றாவது வரியில், எந்த மொழியிலும் இல்லாத ஒரு வார்த்தையைப் போட்டுப் பாடினாள்.

வேறு யாராவது அப்படிப் பாடியிருந்தால் பல்செட்காரர் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்திருப்பார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெருகு போடும் மோட்டாரை மட்டும் அணைத்தார்.

இருவரும் சேர்ந்து பாடும் இடம் வந்தது. அவள் பிழையாகப் பாடிய அந்த வார்த்தை அங்கேயும் வரும். அவள் தன்னுடைய தவறான வார்த்தையையே மறுபடி பாடினாள்.

அவரும், கீழ்க்குரலில், அதையே பாடினார்.