எல்லா லயத்துக்கும் ஒரே வரி

மழை நாளில் போன் அடித்தால் எனக்கு மண்சரிவுதான் நினைவுக்கு வரும். சென்ற வாரம் என்னோடு வேலை செய்த புஷ்பத்தின் தம்பி அழைத்தபோது, "மண்ணு சரிஞ்சிருச்சா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"இல்லக்கா. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே அக்கா போயிட்டா."

மலையூரான ஏலப்பாறையில் ஒரு சின்னக் கடையில் நானும் புஷ்பமும் இணையதளங்கள் செய்துவந்தோம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கான மழைக்காலத் தகவல் தளம் எங்கள் பொறுப்பு. லயத்துக்கு ஒரு பக்கம். ஆபத்து வந்தால் எங்கே போவது, யாரை அழைப்பது என்று அதில் இருக்கும். எல்லாப் பக்கங்களின் தலைப்பகுதியும் ஒரே பொதுக் கோப்பிலிருந்து வரும். அதில் ஒரு வரியை மாற்றினால் எல்லாப் பக்கமும் மாறிவிடும். அதைத் திறக்கும்போதெல்லாம் புஷ்பம் துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொள்வாள்.

போன வருட மழையில் ஒரு மத்தியானம், நிவாரண முகாம் பொறுப்பாளர் அழைத்தார். முகாமாக இருந்த பள்ளிக்குப் பின்னால் மண் விரிசல் விட்டிருந்தது. எல்லோரும் கீழே உள்ள மண்டபத்துக்கு வர வேண்டும் என்று தளத்தில் உடனே போடச் சொன்னார். என் அம்மா தோட்டத்தின் மேட்டுப் பகுதியான மேல் டிவிஷன் லயத்தில் இருந்தாள். அங்கே அழைப்பு எதுவும் போகவில்லை. இணையம் மட்டும் விட்டுவிட்டு வந்தது.

புஷ்பம் பொதுக் கோப்பில் தட்டச்சு செய்தவள் நிறுத்திவிட்டாள். "மேல் டிவிஷன்காரங்க மண்டபத்துக்கு வரணும்னா பாலத்தத் தாண்டணுமே. ஆத்துல தண்ணி ஏறுது."

"சீக்கிரம் போடு புள்ள," என்றேன்.

"அவசர நம்பர் எல்லாருக்கும் ஒண்ணு. அது பொதுவுல இருக்கட்டும். போற எடம் ஆளாளுக்கு வேற. அதத் தனித்தனியாத்தான் எழுதணும்."

பொறுப்பாளரைத் திரும்ப அழைத்தாள். மேலே இருப்பவர்கள் அங்கேயே உள்ள சர்ச்சுக்குப் போகட்டும் என்றார். "உங்கம்மா பக்கத்த மொதல்ல எழுதுறேன்," என்று தொடங்கினாள்.

சாயங்காலம் தண்ணீர் பாலத்தின் மேலேயே ஓடியது. மறுநாள்தான் அம்மாவின் குரல் கேட்டது. "பாலத்துப் பக்கம் போகாதீங்கன்னு போன்ல போட்டிருந்துச்சு. அதான் சர்ச்சுக்கு ஏறிட்டோம்."

தாமதமாகிறதே என்று பயமாக இல்லையா எனப் புஷ்பத்திடம் பிறகு கேட்டேன். "இருந்துச்சு. ஆனா அந்த வரிய நம்பி ஒருத்தர் எறங்கி நடப்பாங்கல்ல. அதுதான் ரொம்ப பயமா இருந்துச்சு."

அவளை அறிந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நேற்று மறுபடி எச்சரிக்கை வந்தது. தனியாக உட்கார்ந்து, ஒவ்வொரு லயத்தின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லி, எச்சரிக்கை வரி அங்கே பொருந்துமா என்று பார்த்தேன். ஆற்றோர லயத்துக்குப் பொருந்தவில்லை; அதற்குத் தனியாக எழுதினேன். முடித்த பிறகும் முதலிலிருந்து இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். புஷ்பத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது, வரியை நம்பி ஒருவர் நடப்பாரே என்ற அந்தப் பயம்தான். அது என்னை விட்டுப் போய்விடக் கூடாது.