கடல் தெரிகிற மேசை

செல்லசாமி எட்டு மாதமாகக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடை தேடிக்கொண்டிருந்தான். பசிக்கு இல்லை. பசிக்கென்றால் ரொட்டியும் சம்பலும் லொறியிலேயே இருக்கும். பூரணியிடம் ஒரு வார்த்தை கேட்பதற்குத்தான் கடை வேண்டியிருந்தது.

மலைநாட்டில், நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தோட்டத்தில் அவன் தேயிலை லொறி டிரைவர். செவ்வாய்க்கிழமை தோறும் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு இறங்குவான். வயது முப்பத்துநாலு. பூரணி அதே தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போனபின் இருபது இருபத்தைந்து பிள்ளைகளுக்குப் பகல் முழுக்க அவள்தான் அம்மா. இருவர் பக்கத்திலும் தோட்டத்தில் பெரியவர்கள் மிச்சமில்லை. கலியாணப் பேச்சு முடிந்தால் இரண்டு வீட்டாரும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வார்கள். கை மாறிவிட்டால் அப்புறம் பேச்சு இல்லை. இவர்களுக்கு மாற்ற ஆளேது? அவனேதான் கேட்க வேண்டும்.

எங்கே வைத்துக் கேட்பது? வரிசை வீடுகளான லயத்தில் ஒரு காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவிலிருந்து 'நூறு' என்பார்கள். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பேசினால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னே, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா காதுவரை போய்விடும். அவள் மாட்டேன் என்றுவிட்டால் பிறகு யார் முகத்தில் விழிப்பது? யாருக்கும் யாரையும் தெரியாத கொழும்புதான் சரி என்று முடிவு கட்டினான்.

அவனுக்கு இருந்த நம்பிக்கை ஒன்றே ஒன்று. தோட்டமே அவனை 'டைவரண்ணே' என்று கூப்பிடும். பூரணி மட்டும் 'டைவரு' என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அந்த இல்லாத 'அண்ணே'யை வைத்துக்கொண்டு மனுஷன் கொழும்பு ரோட்டில் கித்துல்கலை வளைவுகளில் கலியாணம் முடித்து, பிள்ளை பெற்று, பேரும் வைத்துவிடுவான்.

செட்டியார் தெருவில் ஒரு கடை பார்த்தான். இலை போடும்போதே எழுந்திரு என்கிற அவசரம் அங்கே. கோட்டைப் பக்கம் வெள்ளைத் துணி விரித்த மேசைகள் இருந்தன. வாசலில் நின்ற ஆள் இவனுடைய செருப்பில்லாத காலைப் பார்த்தான். இவனும் தன் காலைப் பார்த்துக்கொண்டே திரும்பிவிட்டான். கடைசியில் ஹட்டனில் புடவைக்கடை வைத்திருந்த முனாப் நானா ஓர் இடம் சொன்னார். புறக்கோட்டையில் அவருடைய சொந்தக்காரரின் ஹோட்டல். குடும்பமாக வருகிறவர்களுக்கென்று மாடியில் திரை போட்ட சின்ன அறை; ஜன்னலைத் திறந்தால் கடல், கப்பல்.

ஏழு செவ்வாய்க்கிழமை அங்கே தனியாக உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தான். எதிர் நாற்காலியில் இல்லாத பூரணி இருப்பாள். கடலைப் பார்த்து, எவ்வளவு தண்ணி என்பாள். அதைப் பிடித்துக்கொண்டு இவன் பேச்சைத் தொடங்குவான். காற்று திரையைத் தூக்கும். பாதிப் பேச்சில் தேத்தண்ணி ஆறிப்போகும். ஆறின தேத்தண்ணி இவ்வளவு ருசிக்குமா என்று அவனுக்கே ஆச்சரியம்.

ஐம்பத்துநாலாம் வருஷம் ஆவணியில் துறையூரிலிருந்து பூரணியின் தாய்மாமன் கடிதம் போட்டார். அங்கே தனிக்கட்டையாக என்ன செய்கிறாய், புறப்பட்டு வந்துவிடு என்று. இந்தியா போக மனு எழுதிக் கொழும்பு ஆபீசில் நேரில் கொடுக்க வேண்டும். துரை அவளைத் தேயிலை லொறியிலேயே போய்வரச் சொன்னார். கொழும்பு மருதானையில் பங்களா வேலை பார்க்கும் மகளைக் காண, அடுத்த லயத்து ராக்காயியும் துணைக்குச் சேர்ந்துகொண்டாள்.

ஆபீசில் மத்தியானம் இரண்டரைக்கு மனு வாங்குவார்கள். அதற்குள் கேட்டாக வேண்டும். மனு உள்ளே போய்விட்டால் பூரணி கப்பலேறிவிடுவாள்.

புறப்பட வேண்டிய செவ்வாயன்று வழியில் கினிகத்தேனையில் மண் சரிந்து ரோட்டை மூடியது. லொறி வெள்ளிக்கிழமைதான் இறங்கியது. பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி வெள்ளையாக நிரம்பிக் கிடந்தது. ராக்காயி நடுவில் உட்கார்ந்து தூங்க, பூரணி பனியையே பார்த்துக்கொண்டு வந்தாள். கடலும் இப்படித்தான் இருக்குமா என்று கேட்டாள். இதைவிடப் பெரிசு என்றான். அவன் அப்போதே மனசுக்குள் மாடி ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தான்.

பெட்டிகளை இறக்கி, ராக்காயியை மகளிடம் விட்டு, பூரணியோடு ஹோட்டல் வாசலுக்கு வந்தபோது மணி பன்னிரண்டேகால். கடை பலகை போட்டு அடைத்திருந்தது. தொப்பி வைத்த ஆண்கள் கூட்டமாகப் பள்ளிவாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை; முடிந்து கடை திறக்க இரண்டு மணியாகிவிடும். ஹட்டனில் முனாப் நானா கடையே வெள்ளி மத்தியானம் மூடிக் கிடப்பதை வருஷக்கணக்காகப் பார்த்தவன்தான். ஏழு செவ்வாய் பார்த்து வைத்தவனுக்கு வெள்ளி என்று ஒரு கிழமை இருப்பது மறந்துபோயிற்று. புத்தி கனவில் இருந்தால் வேறென்ன ஆகும்?

பின்தெருவில் துறைமுகத் தொழிலாளர்கள் சாப்பிடும் சைவக் கடையில்தான் இடம் கிடைத்தது. ஜன்னல் கிடையாது. பெஞ்சில் ஆளோடு ஆள் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். பூரணி நிதானமாகச் சாப்பிட்டாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"ஏன் டைவரு, சோறு எறங்கலயா?"

"அந்த மாடியில ஒரு மேச இருக்கு பூரணி. கடலு தெரியும். அங்க உக்காந்து ஒங்கிட்ட ஒன்னு கேக்கணும்னு எட்டு மாசமா நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

"என்னா கேக்கணும்?"

பெஞ்சில் இருந்த நாலு பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். எட்டு மாதமாகச் சேர்த்த பேச்சில் ஒரு சொல்கூடச் செல்லசாமி கைக்கு அகப்படவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்தான்.

கல்லாவுக்குப் பக்கத்தில் வெற்றிலைத் தட்டு இருந்தது. கை கழுவிவிட்டு வந்த பூரணி அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். இரண்டு வெற்றிலை, ஒரு பாக்கு எடுத்தாள். முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டு, இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினாள்.

"ஒங்க பக்கமும் ஆளில்ல, எம்பக்கமும் ஆளில்ல. நாமளே மாத்திக்குவோம். வாங்கிக்குங்க."

அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கல்லாக்காரர் பாக்குக்குக் காசு கேட்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

இரண்டரை மணிக்கு அவர்கள் காலிமுகத்திடலில் நின்றார்கள். மனு அவள் பையில் நாலாக மடிந்து கிடந்தது. மாமா ஊர் எந்தப் பக்கம் என்று கேட்டாள். அவன் வலது கைப் பக்கம் காட்டினான். அந்தத் திசையையே வெகுநேரம் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கடல் பக்கம் திரும்பினாள்.

"எவ்வளவு தண்ணி," என்றாள்.

செல்லசாமி வழக்கம்போல் பேசத் தொடங்க வாயைத் திறந்தான். கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.