பக்கம் மாறிய பாட்டு

இந்தியில் நன்றாக ஓடிய ஒரு நடனப் படத்தைத் தமிழில் எடுக்கக் காரைக்குடிக்கு வந்திருந்தார்கள். கதைப்படி நாயகி ஒரு தெருவில் குடியிருக்கும் பெண்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறாள். அந்தப் பெண்களாக ஆட உள்ளூர் ஆட்களைத் தேடினார்கள். பள்ளியில் நடன ஆசிரியையாக இருக்கும் நான், என் மாலை வகுப்புப் பெண்கள் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள். ஜவுளிக்கடை, தையல், வீட்டு வேலை என்று நாள் முழுக்க ஓடுகிறவர்கள். படத்தின் உதவி டான்ஸ் மாஸ்டர் ஏற இறங்கப் பார்த்தார். பத்து நாள் கொடுங்கள், பிறகு பாருங்கள் என்று மார்தட்டிவிட்டு வந்தேன்.

"இந்தியில வந்த அந்தப் பாட்டோட ஸ்டெப்புதான் மேடம் ஃபேமஸ். ஒரு கை மாறினாலும் கிண்டல் பண்ணுவாங்க. சரியா வரலேன்னா சென்னையிலேருந்து ஆள் இறக்கிடுவோம்" என்றார் அவர்.

அன்றே லேப்டாப்பில் இந்திப் பாட்டைப் போட்டு உட்கார்ந்தேன். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு எதிரே நின்று ஆடுகிறவள் நான். அவர்கள் வலது கையைத் தூக்க வேண்டுமென்றால் நான் இடது கையைத் தூக்குவேன். கண்ணாடியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்து ஆடுவார்கள். அந்தப் பழக்கத்தில், திரையில் ஆடியவளையும் எனக்கு எதிரே நிற்கும் டீச்சராகவே எடுத்துக்கொண்டேன். அவள் பாவம், யாருக்காகவும் பக்கம் மாற்றி ஆடவில்லை. முழுப் பாட்டையும் வலதுக்கு இடதாகக் கற்று, அதை அப்படியே எட்டுப் பேருக்கும் ஏற்றிவிட்டேன்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள் முதல் நாளே வலது கையைத் தூக்கினாள். "சோத்துக்கை எது, பீச்சாங்கை எதுன்னுகூடவா தெரியாது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். மறுநாள் அவள், "டீச்சர், ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். "மொதல்ல தாளத்த ஒழுங்காப் புடி" என்று அடக்கினேன். அதன்பிறகு நான் சொன்ன கையைத்தான் தூக்கினாள். வழிக்கு வந்துவிட்டாள் என்று எனக்குத் திருப்தி.

படப்பிடிப்புக்கு முந்தின நாள் காலையில் கோவிலூர் சாலையில் அவர்கள் பிடித்திருந்த பெரிய வீட்டுக்குப் போனேன். வளவு முற்றத்தில் நாயகி எனக்கு முதுகைக் காட்டி ஆடிக்கொண்டிருந்தாள். முதல் வரியிலேயே வலது கை மேலே போனது. இந்தப் பெண் தப்பாக ஆடுகிறதே என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. உதவி மாஸ்டர் "சூப்பர், அச்சு அசல்" என்றபோதுதான் தப்பு என் பக்கம் என்று உறைத்தது.

அன்று மூன்று மணிக்கு எட்டுப் பேரும் நாயகியோடு சேர்ந்து ஆடிக்காட்ட வேண்டும். ஒருத்தி சம்பளமில்லாத லீவு போட்டிருந்தாள். ஒருத்தி சிங்கப்பூரில் இருக்கும் கணவனிடம் போனில் மல்லுக்கட்டிச் சம்மதம் வாங்கியிருந்தாள். என் தப்புக்கு அவர்கள் திரும்பிப் போக வேண்டும். ஆட்டோவில் வரும்போதே எல்லோரையும் பள்ளிக்கு வரச்சொன்னேன்.

வந்ததும் மறைக்காமல் சொன்னேன். "நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். பாட்டு பூரா வலது பக்கம் வரணும். மூணு மணிக்குள்ள எப்படி மாத்துறதுன்னு எனக்குத் தெரியல."

யாரும் பதறவில்லை. எல்லோரும் ஜவுளிக்கடைக்காரியைப் பார்த்தார்கள்.

"தெரியும் டீச்சர்" என்றாள் அவள். "மொத நாளு நீங்க சத்தம் போட்டீகல்ல, வீட்டுல போயி போன்ல பாத்தேன். தெனமும் கடையில பொம்மைக்குச் சேலை கட்டுறவ நான். முந்தானை இடது தோள்லதான கெடக்கும்? பாட்டுல சேலை கட்டி ஆடுற அந்தப் பொண்ணு தூக்குனது முந்தானை இல்லாத பக்கத்துக் கையி. அப்ப அது சோத்துக்கைதான?"

"ஏன்டி சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க விட்டீகளா?"

வேர்த்து நின்ற என்னைத் தையல் தைக்கிறவள்தான் காப்பாற்றினாள். "நீங்க கெளம்புனதுக்கப்புறம் தெனமும் அரை மணி நேரம் இங்குட்டே நின்னு வலது பக்கமா ஆடிப் பழகிக்கிட்டோம் டீச்சர். எந்தப் பக்கம் கேட்டாலும் ஆடிருவோம். மொகத்தத் தொடைங்க."

பாட்டைப் போட்டேன். எட்டு வலது கைகளும் ஒன்றாக மேலே போயின. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. எல்லோர் முன்னாலும் திட்டியவளிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அவள் கூச்சத்தில் நெளிந்தாள். மூன்று மணி ஒத்திகை ஒரே தடவையில் ஓகே ஆனது. மறுநாள் படப்பிடிப்பும் நல்லபடியாக முடிந்தது.

அடுத்த வாரம் வகுப்பில் அந்தப் பாட்டைச் சந்தோஷத்துக்கு ஒரு தடவை ஆடலாம் என்றார்கள். நானும் நின்றேன். என் கை இடது பக்கமே போனது. அந்தக் கூட்டத்தில் அந்தப் பாட்டைச் சரியாக ஆடத் தெரியாதவள் நான் ஒருத்திதான்.

"கொஞ்சம் பின்னாடி வந்து நில்லுங்க டீச்சர், என் முதுகப் பாத்து ஆடுங்க" என்றாள் ஜவுளிக்கடைக்காரி. போய் நின்றேன். நாலு தடவை தப்பினேன். அவள் ஒரு தடவைகூடச் சத்தம் போடவில்லை.