ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

அப்போது கோலாலம்பூரில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். நரம்புகள் மீண்டும் வளர்வது பற்றியும் மூளை தன்னைச் சரிசெய்துகொள்வது பற்றியும் அந்தப் பருவத்தில் ஒரு பாடம். மூன்றாம் வாரம் அம்மா போன் செய்தார். பிரிஞ்சாங்கிலிருந்து மழையில் மோட்டார் சைக்கிளில் திரும்பிய அண்ணன் வளைவில் சறுக்கி விழுந்துவிட்டான். எலும்பு எதுவும் உடையவில்லை. ஆனால் வலது கை அசையாமல் தொங்கியது.

ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். கைக்குப் போகும் நரம்புகள் தண்டுவடத்திலிருந்து வேரோடு பிய்ந்திருந்தன. அப்படிப் பிய்ந்தது மறுபடி வளராது என்று முந்தின நாள்தான் வகுப்பில் குறிப்பெடுத்திருந்தேன். வெளியே வந்து, "நரம்புல அடி" என்று மட்டும் சொன்னேன். அம்மா அழுதார். நான் ஆஸ்பத்திரிப் படிவத்தில் அண்ணனின் ஐசி அடையாள அட்டை எண்ணை எழுதினேன்.

மிச்ச வகுப்புகளை ரிங்லெட் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டிலிருந்தே ஆன்லைனில் கேட்டேன். அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். கையில் அறுந்த நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும் என்றார் பேராசிரியர். அதை மட்டும் அவன் பிடித்துக்கொண்டான். ஞாயிறுதோறும் சர்ச்சுக்குக் கிளம்புமுன் தோளிலிருந்து கீழே, வாரத்துக்கு ஏழு மில்லிமீட்டர் தள்ளி, பேனாவால் ஒரு கோடு போட்டான்.

"ரெண்டு வருசத்துல விரலுக்கு வந்துடும் லா!"

ஐந்து கோடுகள் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லப் பயமாக இருந்தது என்றால் பொய். எதுவுமே தோன்றவில்லை.

ஆறாவது ஞாயிறு பேனாவை என்னிடம் நீட்டினான். "நீயே போடு பாப்பா. எனக்கு நேரா வரல."

"அண்ணே, இது வளராது. வேரோட பிஞ்சிருச்சு."

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"ஆஸ்பத்திரியிலயே."

அவன் கோடுகளைப் பார்த்தான். "அப்போ ஒண்ணுமே செய்ய முடியாதா?"

"விலா நரம்ப எடுத்து, முழங்கைய மடக்குற தசையில சேப்பாங்க. மொதல்ல மூச்சு இழுத்தாத்தான் கை மடங்கும். போகப் போக மூளை பழகிக்கும்."

"விரலு?"

"வராது."

என்னிடமிருந்து பேனாவை வாங்கி, மூடியைப் பல்லால் அழுத்தி மூடினான். நாலு நாள் என்னிடம் பேசவில்லை. எது வேண்டுமென்றாலும் அம்மாவிடம்தான் கேட்டான். ஐந்தாம் நாள், "ஆபரேசனுக்கு எழுதிக் குடு," என்றான்.

பரீட்சையில் வேரோடு பிய்ந்த நரம்பு பற்றியே கேள்வி வந்தது. இரண்டு பக்கம் எழுதினேன். நல்ல மதிப்பெண்.

ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் ஆகப் போகும்போது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்குப் புரையேறியது. இருமியபோது மடியில் கிடந்த வலது கை மெல்ல எழுந்தது. அம்மா கத்திக்கொண்டே அடுத்த வீட்டுக்கு ஓடினார்.

"பாத்தியா?" என்றான் அண்ணன். அவன் கண் கலங்கியிருந்தது.

"பாத்தேன்."

சந்தோஷம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. இன்னொரு தடவை மூச்சை நன்றாக இழுக்கச் சொன்னேன். இழுத்தான். கை மறுபடி எழுந்தது.