கட்டிக்குப் போட்ட தீனி

எண்பதுகளில் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் நரம்புக் கட்டி செல்களைப் புட்டிகளில் வளர்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நரம்பு செல் அடுத்ததற்குச் சேதி சொல்ல ஒரு ரசாயனத்தைக் கசியவிடும். சொல்லி முடித்ததும் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அந்த உறிஞ்சும் வேகத்தை அளப்பதுதான் என் வேலை. நல்ல நரம்பு செல் புட்டியில் பெருகாது, கட்டி செல் பெருகும். அவ்வளவுதான் காரணம். கட்டியைக் குணப்படுத்துவதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

கடத்தூரில் இருந்த வீட்டாரிடம் இதை நான் சொல்லவில்லை. "எம்பையன் கட்டிக்கு மருந்து கண்டுபுடிக்கறான்" என்று அப்பா டீக்கடையில் அளந்துகொண்டிருந்தார். கேட்க சுகமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

அக்கா மகனுக்கு நான்கு வயதில் வயிறு வீங்கியது. நரம்புக் கட்டி, உடனே மெட்ராசுக்குக் கொண்டுபோங்கள் என்றார் டாக்டர். அக்கா எனக்குக் கடிதம் போட்டாள்: நீ பார்த்தால் போதும், மெட்ராஸ் எதற்கு? அளவெடுக்கும் மும்முரத்தில் இருந்தேன். பொங்கலுக்கு வந்து பார்க்கிறேன் என்று ஒரு கார்டு எழுதிப் போட்டேன். அவள் இரண்டு மாதம் காத்திருந்தாள்.

பொங்கலன்று பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், கல்லாக இருந்தது. பெங்களூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். காலம் கடந்துவிட்டது என்றார்கள். அன்று அக்கா ஆய்வகத்துக்கு வந்து, என் கட்டி செல்களை மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தாள்.

"இது யாருது?"

"வெளிநாட்டுல ஏதோ ஒரு கொழந்தையோடதுக்கா."

"அந்தக் கொழந்த?"

"உயிரோட இருக்காது."

"இதுக்கு என்ன குடுக்கற?"

"கன்னுக்குட்டி ரத்தத்துல எடுக்கற சத்து. மூணு நாளைக்கு ஒருக்கா மாத்தணும். இல்லன்னா செத்துரும்."



மாசியில் பிள்ளை போய்விட்டான். மூன்றாம் நாள் குழிமேட்டில் பால் ஊற்ற வேண்டியவன் தாய்மாமனான நான். இரண்டாம் நாள் காலையிலேயே பெங்களூருக்குக் கிளம்பப் பையைத் தூக்கிக்கொண்டேன். செல்களுக்குத் தீனி மாற்றும் நாள் தப்பிவிடும் என்றேன். உடன் வேலை செய்தவனிடம் சொல்லியிருந்தால் பார்த்துக்கொண்டிருப்பான். என் புட்டிகளை வேறொருவன் தொடுவது எனக்குப் பிடிக்காது. நான் அப்படிப்பட்டவன்தான்.

அப்பா கத்தினார். அக்காதான் அவரைக் கையமர்த்தினாள். வாசல்வரை வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"உடுங்கப்பா, போவட்டும். அதுங்களுக்குப் பசிக்கும்."