சீசன் டிக்கெட் எடுக்காத ஆறு மாதம்

ஷார்ஜாவில் இருந்தபோது எந்தப் பொருளைத் தொட்டாலும் மனசுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பேன். ஒரு கட்டு கொத்தமல்லியைப் பெருக்கினாலே நெஞ்சு அடைக்கும். வைத்துவிட்டு வந்துவிடுவேன். ஊருக்கு வந்ததும் அதே புத்தி தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. அரியலூர் மார்க்கெட்டில் எந்த விலையைச் சொன்னாலும் திர்ஹம் கணக்கில் வகுத்தேன். எல்லாம் சும்மா கொடுப்பதுபோல் தெரிந்தது, அள்ளிக்கொண்டு வந்தேன். சம்பளம் ரூபாயில்தான் வருகிறது என்பது முதல் மாதக் கடைசியில்தான் உறைத்தது. வெளிநாட்டிலிருந்து வந்த என்னைப் போன்ற மண்டூகங்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஏமாற மாட்டார்கள்.

நாங்கள் ஆசைப்பட்டு வந்தவர்கள் இல்லை. அங்கே வாடகை ஏறிக்கொண்டே போனது, மகளின் பள்ளிக் கட்டணமும் கூடவே ஏறியது. "குடும்பத்த ஊருக்கு அனுப்பிட்டு நீ ரூமுக்கு மாறிக்க" என்று என் கணவரிடம் நண்பர்கள் எல்லாரும் சொன்னார்கள். அங்கே பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள், மனைவி மக்களைப் போனில் பார்த்துக்கொண்டு. எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. அவர் சம்பளமில்லாமல் ஆறு மாத லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்தார். இங்கே கட்டுப்படியானால் சரி. ஆகாவிட்டால் லீவு முடிவதற்குள் அவர் மட்டும் திரும்ப வேண்டும், இல்லையென்றால் விசா செத்துவிடும்.

திருச்சியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. அங்கேயே வீடு எடுத்தால் சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போய்விடும். அதனால் அரியலூரில், ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு பிடித்தோம். காலை ரயிலில் போய் இருட்டும் நேரத்துக்கு வருவார்.

முதல் வாரம் ஒரே புலம்பல்.

"ஒக்கார எடமே இல்ல. தெனம் போறவனுங்கல்லாம் ஒரு செட்டு. ஒருத்தன் முன்னாடியே ஏறி சீட்டுல துண்டப் போட்டு வெச்சிடுறான். கேட்டா ஆள் வருதுங்கிறான்."

"நீங்களும் சீசன் டிக்கெட் எடுங்க. ஒங்களயும் சேத்துக்குவாங்க."

"பாக்கலாம்."

அடுத்த மாதமும் கேட்டேன், அதற்கடுத்த மாதமும் கேட்டேன். பதில் அதே "பாக்கலாம்"தான். பற்பசை வாங்கினால்கூட நாலு கடை ஏறி இறங்கும் மனுஷன், தினமும் வரிசையில் நின்று முழுக் காசு கொடுத்து டிக்கெட் எடுக்கிறாரே என்று எரிச்சலாக வந்தது. பிறகு ஒருநாள் சட்டென்று புரிந்தது. இருக்கப்போகிறவன்தான் சீசன் எடுப்பான். படுக்கையறை மூலையில், ஷார்ஜாவிலிருந்து கார்கோவில் வந்த அவருடைய பெட்டி, நைலான் கயிறுகூட அவிழ்க்காமல் அப்படியே கிடந்தது. பிரிக்கட்டுமா என்று கேட்டபோதெல்லாம் "இருக்கட்டும்" என்றிருக்கிறார். அதற்குப் பிறகு சீசன் பேச்சை நான் எடுக்கவே இல்லை. பயமாக இருந்தது.

ஆனால் கையைச் சுருக்கிக்கொண்டேன். விலையைத் திர்ஹத்தில் வகுப்பதை விட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாலுக்குப் போய்ப் பழகிய மகளை டவுன் பஸ்ஸில் கல்லங்குறிச்சிக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள், அப்புறம் அவளே கேட்க ஆரம்பித்தாள். திருமானூரிலிருந்து காய் கொண்டுவந்து விற்கும் அம்மா மட்டும் என்னைப் பார்த்த போதெல்லாம், "வூட்டுக்காரரு எப்பம்மா கெளம்புறாரு?" என்பார். தெரிந்தால்தானே சொல்ல!

லீவின் கடைசி வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஷார்ஜாவிலிருந்து நண்பர் கூப்பிடுவார், இவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். நான் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருப்பேன்.

ஒரு சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் போனை என்னிடம் நீட்டினார். அரியலூர் டு திருச்சி, மூன்று மாத சீசன்.

"ஷார்ஜா கம்பெனிக்கு வர்லன்னு சொல்லிட்டேன்," என்றார்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாயில் வந்ததோ வேறு. "இத மொதல்லயே எடுத்திருந்தா எவ்ளோ காசு மிச்சமாயிருக்கும்! தெண்டம், தெண்டம்!" என்று கத்தினேன். கத்தக் கத்த நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. அவர் சிரித்துக்கொண்டே நின்றார்.

"திட்டி முடிச்சிட்டியா? ஒரு துண்டு குடு. எங்க செட்டுல நான்தான் சாயங்காலம் மொதல்ல திருச்சி ஸ்டேஷனுக்குப் போறேன். இனிமே நான்தான் எடம் போடணுமாம்."

எங்க செட்டு!

கொடியில் கிடந்த துண்டுகள் எல்லாம் நைந்துபோனவை. நல்லது இருந்தது அந்தப் பெட்டிக்குள்தான். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அதான், பிரிச்சிடு," என்றார்.

முடிச்சு இறுகிப்போயிருந்தது. அரிவாள்மனையை எடுத்துவந்து கயிற்றை அறுத்தேன். மேலாகவே இருந்தது, போர்வை அகலத்துக்கு ஒரு குளியல் துண்டு. உதறி விரித்துக் காட்டினேன்.

"இதப் போட்டா செட்டு மொத்தமும் ஒக்காரலாம், எடுத்துட்டுப் போங்க."