இருளாயி அம்மாளின் வாளி

இருளாயி அம்மாள் குளிர்காய்ச்சலில் காலமானார் என்ற செய்தியைப் பொன்னிதான் கொண்டுவந்தாள். "கிராணி ஐயா, அக்கா போயிட்டாங்க" என்று ஆபீஸ் வாசலில் நின்று சொன்னாள். பிறகு, அழுவதற்கு முன்பே, "இந்த மாசம் எங்களுக்குச் சீட்டு உண்டா?" என்று கேட்டாள். கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கும் முதலில் வந்தது துக்கமல்ல, பயம்.

செனாய் ஊருக்கு அப்பால், காட்டை ஒட்டிய ரப்பர் தோட்டம் எங்களுடையது. ஒருவர் பால் வெட்டும் மரவரிசைக்கு நிரை என்று பெயர். ஆண்களுக்கு மாதந்தோறும் சீட்டுப் போட்டு நிரை பிரிப்போம். முன்பெல்லாம் பெண்களுக்குக் கங்காணி வைத்ததே நிரை. இளம்பெண்களுக்குக் காட்டோர நிரைதான் பொருந்தும் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். அந்த நிரைக்கு மேற்பார்வையும் அடிக்கடி தேவைப்பட்டது. அவர் சொன்னபடி பெயர்களை எழுதியவன், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியான நான். எனக்கு இரண்டு மொழிகளில் எழுதத் தெரியும். தைரியம் எந்த மொழியிலும் தெரியாது.

பொன்னி வேலைக்கு வந்த மாதம் அந்த நிரை அவளுக்கு வந்தது.

இருளாயி அம்மாளை வீராங்கனை என்று எழுத மாட்டேன். இடிக்கும், துரையின் நாய்க்கும், தவளைக்கும் அஞ்சியவர் அவர். பால் நிறுக்கும் கொட்டகையில் பொன்னி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னபோது அவரும் பயந்துதான் போனார். ஆனால் தோட்டத்து விதி ஒன்று அவர் நினைவுக்கு வந்தது. புலி நடமாட்டம் தெரிந்தால் வாளியைத் தட்ட வேண்டும். கேட்டவர்கள் எல்லோரும் தட்டிக்கொண்டே அங்கே கூட வேண்டும். துரை துப்பாக்கியோடு வருவார்.

"பயமா இருந்தாத் தட்டு புள்ள" என்றார் என் காதுபட. "அடுத்த நிரையில நான் நிக்கிறேன், நானும் தட்டுறேன். கை நடுங்கினாத் தாளம் இன்னும் நல்லா வரும்."

முதல் முறை துரை ஓடிவந்தபோது புலி இல்லை. பொன்னியின் மரத்தடியில் கங்காணி நின்றார். இரண்டாம் முறையும் அவரே. மூன்றாம் முறை பெண்களோடு ஆண்களும் தட்டினார்கள். முதலில் தட்டிய ஆண் இருளாயி அம்மாளின் கணவர் சடையன்.

புலி எங்கே என்று துரை கேட்டார். இருளாயி அம்மாள் வாளியைக் கட்டிக்கொண்டு, "தொரை, பயந்தாத் தட்டச் சொன்னீங்க. பயந்தோம், தட்டினோம்" என்றார். துரை கங்காணியை நெடுநேரம் பார்த்தார். அந்த நேரத்தில் அம்மாள் ஒன்று கேட்டார்: "ஆம்பளைங்களுக்குப் போடுற சீட்ட எங்களுக்கும் போடுங்க."

ஒரே மாதத்தில் மூன்று நாள் எல்லோரும் வேலையை விட்டு ஓடிப் பால் கெட்டதை நினைத்துத் துரை சம்மதித்தார். நீதி எங்கள் தோட்டத்துக்கு அந்த வழியாகத்தான் வந்தது.

அம்மாளை அடக்கம் செய்த மறுநாள் கங்காணி ஆபீசுக்கு வந்தார். "அந்தம்மா போயிட்டாங்க. பொம்பளைங்களுக்குச் சீட்டு இனி எதுக்கு? பழையபடி எழுதிருங்க கிராணி" என்றார். நான் சரி என்றேன். அது என் பழக்கம்.

மாத முதல் நாள், காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு முடிந்ததும், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று எனச் சீட்டு டின்கள் இரண்டையும் மேசையில் வைத்தேன். எப்படி வைத்தேன் என்று இன்றும் விளங்கவில்லை. கங்காணி என்னை முறைத்தார். பெண்கள் அசையவில்லை. கடைசியில் பொன்னியின் கை வந்தது. அது நடுங்கியதை எல்லோரும் பார்த்தோம். அவள் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள்.

டின்னில் ஒரு சீட்டு மிஞ்சியது. இருளாயி அம்மாளையும் கணக்கில் சேர்த்துச் சீட்டு எழுதியிருந்தேன். கங்காணி பிரித்துப் பார்த்தார். காட்டோர நிரை.

"இது யாருக்கு?"

"அக்காவோடது" என்றாள் பொன்னி. "ஆளுக்குக் கொஞ்சமா நாங்களே வெட்டிக்கிறோம். தனியா யாரும் போறதில்ல."

கங்காணி அவள் பக்கம் ஓரடி வைத்தார். வரிசையில் யாரோ விரல் நகத்தால் வாளியைத் தட்டினார்கள். மிக மெதுவாகத்தான். பக்கத்து வாளி பதில் சொன்னது. பிறகு அதற்கடுத்தது, ஆண்களின் வரிசை வரைக்கும். கங்காணி துரையின் பங்களா பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, சீட்டை டின்னிலேயே போட்டார்.

போய் வாருங்கள், அம்மா. எங்களுக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. அதனால் தட்டுகிறோம்.